கடைவாய்ப் பல்லும் புதுநன்மையும்

என் மனைவி முறுக்கை டீயில் ஊற வைத்துத்தான் சாப்பிடுவாள். கல்யாணமான புதிதில் இது ஏதோ புதுச்சேரி டவுன்காரர்களின் நாகரிகம் என்று நினைத்து நானும் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்தேன். சகிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது, கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் மெல்லுகிற பெரிய பல் அவளுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொத்தை விழுந்து இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள்.

பிடுங்கிய கதையை அவள் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் கையையும் காலையும் அமுக்கிக்கொண்டார்களாம். மரத்துப்போக ஊசி போட்டும் வலித்ததாம். "போதும், வேற பேசலாம்" என்று பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பல் டாக்டர் வீட்டு வாசற்படியையும் மிதித்ததில்லை. வலி வந்தால் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் என்மேல் எரிச்சல். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். பாகூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அதைப் பார்த்துவிட்டு, டவுன் பெண்ணாக இருந்தாலும் அடக்கமானவள் என்று மெச்சிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எங்களுடையது காதல் கல்யாணம். என் வீட்டில் எல்லோரும் விவசாயம் பார்க்கிறவர்கள், அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அவள் வீடு டவுனில் தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பக்கமும் வேண்டிய மட்டும் சண்டை போட்டு முடித்தபின், அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பிறக்கும் பிள்ளை மாதா கோயில் வழியில் வளர வேண்டும். அப்போது அவள் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஆட்டினேன். இப்போது முதலியார்பேட்டையில் குடியிருக்கிறோம். நான் ஒரு பெயின்ட் கடையில் விற்பனையில் இருக்கிறேன். ஒரே மகள்.

மகளுக்கு எட்டு வயது நடந்த வருஷம் அது. அந்த வருஷம் அவளுக்குப் புதுநன்மை. மாதா கோயில் பூசையில் சாமியார் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பத்துக்கு நன்மை என்று பெயர், அதை ஒரு பிள்ளை முதன்முதலாக வாங்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெள்ளை கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி, பிரியாணி என்று அது ஒரு சின்னக் கல்யாணம். கோயிலில் சிஸ்டர் வகுப்பு எடுத்தார். அது போதாதென்று என் மனைவி வீட்டிலும் தனி வகுப்பு வைத்தாள். கையைக் குவி. கண்ணை மூடு. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய். சாமியார் சொன்னதும் ஆமென் சொல்லி வாயைத் திற, நாக்கை நீட்டு. நாக்கில் வைத்ததும் அதை அப்படியே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரைய விடு. பல் படவே கூடாது, அது ஆண்டவரின் உடல். இப்போதெல்லாம் கையில் வாங்கலாம், மென்றும் சாப்பிடலாம், குற்றமில்லை என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். என் மனைவி கேட்கவில்லை. அவள் வீட்டில் எல்லோரும் நாக்கில் வாங்கி, பல் படாமல் விழுங்கியவர்கள்.

பழகுவதற்கு அப்பத்துக்கு எங்கே போவது? பொரிக்காத அப்பளத்தைக் கத்தரிக்கோலால் சின்ன வட்டமாக நறுக்கினாள். சாமி விளக்கு எரியும் மர அலமாரிக்கு முன்னால் மகளை முழங்காலில் நிறுத்தி, ஒவ்வொரு சாயங்காலமும் அப்பள நன்மை நடந்தது. "உப்பு கம்மியா போடச் சொல்லு" என்று நான் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து முறைப்பார்கள். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அவர்கள் இருவரும் போகிற ஒரு வீட்டுக்கு எனக்கு மட்டும் அழைப்பில்லை.

அந்தச் சமயத்தில்தான் பல் விவகாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளின் வாயில் டார்ச் அடித்துப் பார்ப்பது என் மனைவியின் வழக்கம். ஒரு ஞாயிறு பார்த்தவள் டார்ச்சை என் கையில் கொடுத்தாள். மகளின் கீழ்க் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில், பென்சிலால் கிழித்தமாதிரி ஒரு பழுப்புக் கோடு. இரண்டு பக்கமும் இருந்தது. எந்தப் பற்களை மனைவி இழந்தாளோ அதே பற்கள். "என் வாயை அப்படியே குடுத்துட்டேன் அவளுக்கு" என்றாள். கெட்டுப்போன அந்த இரண்டு பல்லும் தன் சொத்துபோலவும், மகளுக்கு எழுதி வைத்துவிட்டதுபோலவும் சொன்னாள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் இருக்கிறார். எங்களைவிட இளையவர், பொறுமையான பெண். கிளினிக்குக்குப் பக்கத்திலேயே பேக்கரி. ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மகளை நான்தான் உள்ளே கூட்டிப் போனேன். மனைவி வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டாள். வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும், கூப்பிடவில்லை.

டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், இது பால் பல்லு இல்ல. ஆறு வயசுல பின்னாடி புதுசா முளைக்கிற பல்லு. எந்தப் பல்லும் விழாம வர்றதால நெறைய பேரு பால் பல்லுன்னு நெனச்சி விட்டுடுறாங்க. இது போச்சுன்னா போனதுதான், வேற வராது."

"சொத்தை ஆகிடுச்சா டாக்டர்?"

"இன்னும் ஆகல. ஆனா பாப்பாவுக்குப் பள்ளம் ரொம்ப ஆழம், இடுக்கு. பிரஷ் நாரே உள்ள போகாது. விட்டா ஆகிடும். நாலு கடவாய்ப் பல்லுலயும் பள்ளத்தை சீலன்ட் போட்டு மூடிடலாம். ஊசி கெடையாது, தோண்ட மாட்டேன், வலிக்காது."

பிறகு வேலையை விளக்கினார். முதலில் பல்லைச் சுத்தம் செய்து நீல நிற ஜெல் ஒன்று வைப்பார். அது பல்லின் வழவழப்பைக் கொஞ்சம் எடுத்துவிடும். கழுவிக் காற்றடித்துக் காய வைத்தால் அந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் ரெசின் என்கிற திரவத்தைப் பள்ளத்தில் ஓட விட்டு, நீல விளக்கைக் காட்டினால் கெட்டியாகிவிடும். "ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளையானப்புறம் எச்சில் படவே கூடாது. பட்டா ஒட்டாது, உரிஞ்சி வந்துடும்" என்றார். மழை ஈரம் காயாத மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃப் பூசிவிட்டு, அது உரிந்ததும் கடைக்கு வந்து என் சட்டையைப் பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நாக்கு எட்டாத மேல் பற்கள் இரண்டும் சுலபமாக முடிந்தன. கீழே வந்ததும்தான் வம்பு. ஜெல் வைத்து, கழுவி, காற்றடித்து, பல் வெள்ளை வெளேரென்று வந்தது. டாக்டர் மருந்துக் குழாயை எடுத்து வாயருகே கொண்டுபோனார். உடனே மகளின் நாக்கு மெதுவாக, மரியாதையாக, எச்சில் படாமலிருக்க வைத்த பஞ்சையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளை போய்விட்டது.

"நாக்கை உள்ள வச்சிக்கோ பாப்பா" என்றார் டாக்டர். வைத்துக்கொண்டாள். மறுபடி ஜெல், மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. டாக்டரின் கை வாயருகே வந்ததும் மறுபடி நாக்கு. கண்ணாடியால் நாக்கை அமுக்கிப் பிடித்தார், அவளுக்குக் குமட்டியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாக்கை அடக்க முடியலயா உன்னால?"

அவளுக்குக் கண் நிறைந்தது. "நான் பண்ணலப்பா. அதுவா வருது."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இன்னிக்கு வேணாம் சார், பயந்துடுவா. வீட்டுல பழக்கிக் கூட்டிட்டு வாங்க. அப்பவும் முடியலன்னா வேற மெட்டீரியல் இருக்கு, கிளாஸ் அயனோமர்னு. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டும், நல்ல மருந்துதான். ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். பாப்பாவோட பள்ளத்துக்கு ரெசினே நின்னா நல்லது."

வெளியே வந்தோம். மனைவி ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்றாள். "கீழப் பல்லு?"

"மேல ரெண்டும் முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"நான் கீழப் பல்லைக் கேட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். ஸ்கூட்டரில் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் வீடு வரும்வரை என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். திட்டியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. தோன்றுவதெல்லாம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான்.

அன்றிலிருந்து நான் கடையை விட்டு வந்ததும் டாக்டர் வேலை பார்த்தேன். அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, ஸ்பூன் காம்பை வாயருகே கொண்டுபோவேன். நாக்கு வரும். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். பல்லுக்காக மிட்டாயா என்று மனைவி ஒரு பார்வை பார்த்தாள். பொம்மை என்று மாற்றினேன். பொம்மைக்கும் நாக்கு மசியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவன் அப்பள நன்மையை வாசலில் நின்று பார்த்தேன். மகள் கையைக் குவித்திருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். அவளுக்கு மேலே என் மனைவி குனிந்து, இரண்டு விரலில் அப்பளத்தைப் பிடித்து வாயருகே கொண்டுபோனாள். நாக்கு மெதுவாக, மரியாதையாக வெளியே வந்தது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க" என்றாள் மனைவி. "இது வெளையாட்டு இல்ல."

"தெரியுது. வெளையாட்டா இருந்தா என்னிக்கோ மறந்திருப்பா." டாக்டரின் நாற்காலியையும், சாய்ந்த தலையையும், வெள்ளைக் கோட்டையும், வாயருகே வரும் விரல்களையும் சொன்னேன். குழந்தைக்கு அது பல் ஆஸ்பத்திரியே இல்லை. அவள் நன்மை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மனைவி அப்பளத் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை விளையாட அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் கெடுத்துட்டேனா?" என்றாள். கொஞ்ச நாளைக்கு இந்தப் பழக்கத்தை நிறுத்திவை என்றேன். "புதுநன்மை கிட்ட வந்துடுச்சே. இப்போ மாத்தினா அங்க தடுமாறிடுவா." அப்படியானால் புதுநன்மையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாமே என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. "பல்லுக்காகவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே வைத்திக்குப்பத்திலிருந்து வாங்கி வந்த சங்கரா மீனை வழக்கத்தைவிட வேகமாகச் செதில் எடுக்கும் சத்தம் கேட்டது. மீன்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

சாப்பிடும்போது அவளே பேசினாள். "நன்மை வாங்கினப்புறம் நாக்கு வெளிய இருக்காதுங்க. மேல போயிடும். வாய் தொறந்திருந்தாலும் மேலயே வச்சிருக்க முடியும், நான் செஞ்சி பாத்தேன்."

கீழ்ப்பல்லை நாக்கு தொடாது. எனக்குச் சாப்பாட்டை விட்டு எழுந்து குதிக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "நன்மையை இதுக்கு இழுக்கலாமா? அது சாமிகிட்ட இருக்கிறது."

"எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. கிண்டல் செய்யவும் தோன்றவில்லை. அவள் மகளின் தட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை போனபோதும் அவள் வெளியே ஸ்கூட்டரில்தான். நான் உள்ளே போய் நானே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஜெல், தண்ணீர், காற்று எல்லாம் ஆயிற்று. மகளின் காதருகே குனிந்து, "நன்மை வாங்கிட்டேன்னு நெனச்சிக்கோ, நாக்கை மேல ஒட்டிக்கோ" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயில் பஞ்சோடு, குழறிக் குழறி, ஆனால் தெளிவாகச் சொன்னாள். "நீங்க வாங்கினதே இல்லையேப்பா. அம்மாதான் சொல்லணும்."

நாக்கு பல்லைத் தடவிவிட்டுப் போனது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நன்மையும் தெரியாது, நாக்கும் புரியவில்லை. ஆனாலும், "அப்போ அம்மாவைக் கூப்பிடுங்க, நாம மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றார்.

நான் வெளியே போனேன். மனைவி பேக்கரி வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை.

"நீ வரணும்" என்றேன்.

"எங்க?"

"உள்ள. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நான் வாங்கினவன் இல்லையாம்."

அவள் கிளினிக் போர்டை ஏறிட்டுப் பார்த்தாள். அதில் வரைந்திருந்த சிரிக்கிற பல்லைப் பார்த்து இவ்வளவு பயப்பட ஒருவரால் முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உதடு வெளுத்திருந்தது. "புள்ளைய யாராவது அமுக்கிப் புடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. சும்மாதான் படுத்திருக்கா."

நான் வா என்று இன்னொரு முறை சொல்லவில்லை. பிறகு அவள் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, கோயிலுக்குள் போவதுபோல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

அந்த மருந்து வாசம் பட்டதும் ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நேராக நாற்காலியின் தலைப்பக்கம் போய் மகளின் நெற்றியில் கை வைத்தாள். டாக்டர் புதிதாக ஜெல் வைத்து, கழுவி, காற்றடித்தார். பல் வெளுத்தது. குழாய் வாயருகே வந்தது. நாக்கு அசைந்தது.

"நீ வாங்கிட்டம்மா" என்றாள் என் மனைவி, மிக மெதுவாக. "வாயை மூடாத. நாக்கை மட்டும் மேல கொண்டுபோ. பல்லுல படாம, அப்படியே வச்சிரு."

நாக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. டாக்டர் மூச்சுக்கூட விடாமல் அந்தத் திரவத்தைப் பள்ளத்தில் இறக்கினார். அது பழுப்புக் கோட்டின்மேல் ஊர்ந்து போவதை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல விளக்கு எரிந்தது. என் மனைவியின் உதடு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று எனக்கு அப்போது கணக்கு இல்லை, எங்கள் ஊர் அம்மனையும் கூப்பிட்டேன், அவளுடைய மாதாவையும் கூப்பிட்டேன். பிறகு அடுத்த பக்கம். அதே ஜெல், அதே வெளுப்பு, அதே வார்த்தை. இரண்டாவது விளக்கும் அணைந்ததும் டாக்டர் கூர்மையான கம்பியால் சுரண்டிப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்கு" என்றார்.

மகள் எழுந்து உட்கார்ந்து நாக்கால் பல்லைத் துழாவினாள். பள்ளத்தைக் காணோம் என்றாள். இனி நாக்குக்கு அங்கே முழு உரிமை உண்டு என்று நான் சொன்னேன். டாக்டர், இதைப் போட்டுவிட்டதால் பல் விளக்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டவேண்டும், எங்காவது உடைந்திருந்தால் திரும்பப் போட்டுவிடலாம் என்றெல்லாம் சொன்னார். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுடைய ரவிக்கையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. இனி ஓட்டமாக வெளியே போய்விடுவாள் என்று நினைத்து நான் வழி விட்டு நின்றேன்.

அவள் போகவில்லை. மகளைக் கீழே இறக்கிவிட்டாள். நாற்காலியின் கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கும் இதே பல்லுங்கதான், சின்ன வயசுலயே எடுத்துட்டாங்க" என்றாள். "இப்போ அதுக்கு ஏதாவது பண்ண முடியுங்களா?"

"பாத்தாதான் சொல்ல முடியும் மேடம். உக்காருங்க."

கைப்பையை என்னிடம் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய நாற்காலியில் ஒரு ஓரமாக ஏறி உட்கார்ந்து, பிறகு சாய்ந்து படுத்தாள். டாக்டர் விளக்கை இழுத்து முகத்துக்கு நேராக வைத்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

இத்தனை வருஷம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த இரண்டு வெற்றிடத்தையும் அன்றுதான் பார்த்தேன். கேலி பேச எப்போதும் ஏதாவது வைத்திருக்கிற நான், அவளுடைய கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.